மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் வையாபுரி. இரண்டாவதுதான் அந்த நாடு. மூன்றாவது ஜெனீவாவில் இருக்கிற கோர்ட்டு. இந்த வரிசை மாறக்கூடாது, தம்பி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த நாட்டைத்தான் முதலில் சொல்வார்கள். அவர்களுக்கு விஷயம் முழுசாகத் தெரியாது.

அந்த நாட்டின் பெயரை நான் சொல்ல மாட்டேன். கேஸ் நிலுவையில் இருக்கிறது, வெளியில் பேசக்கூடாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். வையாபுரியின் பெயரைச் சொல்லலாம். அவனைப் பற்றி வக்கீலம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இந்தப் பை நசுங்கக்கூடாது. உள்ளே பட்டம் இருக்கிறது. பொன் தகடு வைத்துத் தைத்த பட்டம். கல்யாணப் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் கட்டுவது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் பெண்ணை மணவறைக்குக் கூட்டி வர மாட்டார்கள். என் தங்கை பாவாயியின் மகள் தாரணிக்கு இன்றைக்குக் கரூரில் கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். நான்தான் தாய்மாமன். கூடப் பிறந்தது நாங்கள் இரண்டே பேர், வேறு மாமன் கிடையாது.

ஆமாம், இது திருச்சி போகிற பஸ்தான். தெரிந்துதான் ஏறினேன்.

திருச்சியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கரூரில் இருந்தால் ஆள் மாற்றி ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வருவார்கள், டீக்கடைக்கு வருவார்கள், கோயிலுக்குப் போனால் அங்கேயும் வருவார்கள். ஓடுகிற பஸ்ஸுக்குள் யாரும் வந்து கையைப் பிடித்து இழுக்க முடியாது பாருங்கள். அதற்காகத்தான்.

இதோ, போன். பாவாயிதான். அடிக்கட்டும். அதுவாக நின்றுவிடும்.

வையாபுரி யார் என்று சொல்லவில்லையே. பாவாயியின் புருஷன். கல்யாணப் பெண்ணின் அப்பன். எனக்கு மாப்பிள்ளை முறை. நானும் அவனும் சேர்ந்துதான் துண்டுக் கம்பெனி நடத்துகிறோம். தோளில் போடுகிற துண்டு இல்லை. வெளிநாட்டில் சமையல் கட்டில் தட்டு துடைக்க, கை துடைக்க வைத்திருப்பார்களே, கிச்சன் டவல், அது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அவன் பி.காம். தறி, நூல், சாயம் எல்லாம் நான். இங்கிலீஷ் எல்லாம் அவன். அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடியது.

அந்த நாட்டில் துண்டு நெய்கிறவர்கள் போய் அவர்கள் அரசாங்கத்திடம் அழுதார்கள். கரூர்க்காரன் உள்ளூரில் ஒரு விலைக்கு விற்கிறான், எங்கள் ஊருக்கு மட்டும் அதைவிடக் குறைத்து அனுப்புகிறான், சரக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறான், எங்கள் பிழைப்பு போச்சு என்று. விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒரு நெட்டையான ஆள், ஒரு பெண்பிள்ளை. நம் கம்பெனிக்கு நேரிலேயே வந்துவிட்டார்கள்.

நம் இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஆள் வந்தால் நாம் என்ன செய்வோம், சொல்லுங்கள். சும்மா உட்கார வைத்துப் பேசி அனுப்புவோமா? எம்.எல்.ஏ. வந்தால் தோளில் துண்டு போர்த்துகிறோம், தாசில்தார் வந்தால் போர்த்துகிறோம், கரண்டு ஆபீஸ் ஏ.இ. வந்தால்கூடப் போர்த்துகிறோம். நான் என் தறியில் தனியாக நெய்யச் சொல்லி இரண்டு துண்டு வைத்திருந்தேன். நல்ல ஜரிகைக் கரை. எங்கள் துண்டுக்காரர் சங்கத்து ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள், போட்டோக்காரன் நிற்கிறான். நான் துண்டைப் பிரித்து, அந்த நெட்டை ஆளின் தோளுக்கு எட்டிப் போடப் போகிறேன். வையாபுரி என் கையைப் பிடித்தான்.

பிடித்தான், தம்பி. அத்தனை பேர் முன்னால். "மச்சான், வேண்டாமுங்க" என்றான். துண்டு கீழே விழுந்தது. அந்தப் பெண்பிள்ளை சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் சிரித்தாள்.

முதல் குற்றம் அதுதான்.

அவன் தடுத்தது சரி என்று சிலர் சொல்வார்கள். விசாரிக்க வருகிற அதிகாரிகள் ஒரு டீக்குமேல் எதையும் கையால் தொடக்கூடாதாம். அடுத்த தெருவில் ஒரு கம்பெனிக்காரர் போர்த்திவிட்டார். அவர்கள் அந்தத் துண்டை அளந்து, எடை போட்டு, இலவசமாகக் கொடுத்த சரக்கு என்று அறிக்கையில் எழுதி, அவருக்கு எங்களைவிட அதிகமாக வரி போட்டுவிட்டார்கள். ஆனால் தம்பி, தடுப்பது வேறு, தடுக்கிற முறை வேறு. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் இல்லையா?

சொன்னான்தான். முந்தின நாள் ராத்திரி சொன்னான். "மச்சான், நாளைக்கு மாலை, துண்டு ஒண்ணும் வேண்டாமுங்க, அவிய வாங்கக்கூடாது" என்றான். ஆனால் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். சாப்பிடுகிறவனிடம் சொல்வது நோட்டீஸ் ஆகாது. சட்டத்தில் அறிவிப்புக்கு ஒரு முறை இருக்கிறது. வக்கீலம்மா பேசும்போது நான் இதையெல்லாம் கவனித்துக் கேட்டு வைத்திருக்கிறேன்.

மறுபடியும் போன். இது புது நம்பர். யாரோ சொந்தக்காரன் நம்பரிலிருந்து அடிக்கிறாள், எனக்கு அவள் தந்திரம் தெரியாதா?

அதிகாரிகள் ஊருக்குப் போய்த் தீர்ப்பு எழுதினார்கள். கரூர்த் துண்டுக்குக் கூடுதல் வரி. அதோடு அந்த நாட்டுக்கு அனுப்புவது பாதியாய்ப் படுத்துவிட்டது. தறிச் சத்தம் குறைந்துபோய்ப் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்க ஆரம்பித்தது. அப்போதுதான் டெல்லியிலிருந்து வக்கீலம்மா வந்தார். மீனலோசனி என்று பெயர், நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். சங்கத்துக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். எவ்வளவு தெளிவாகச் சொன்னார் தெரியுமா?

"நீங்க ஒரு வருஷம் அனுப்பின சரக்கை ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறாங்க. சில சரக்கு உள்ளூர் விலையைவிடக் கம்மியாப் போயிருக்கு. அதைக் குத்தம்னு எழுதிக்கிறாங்க. சில சரக்கு உள்ளூர் விலையைவிட அதிகத்துக்குப் போயிருக்கு. நியாயமாப் பாத்தா அதை இதுல கழிக்கணும். கழிக்க மாட்டேங்கிறாங்க. அதுக்கெல்லாம் பூஜ்ஜியம்னு போட்டுடறாங்க. கம்மியாப் போனதை மட்டும் கூட்டிப் பாத்துட்டு, நீங்க கொட்டுறவங்கன்னு சொல்றாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்றேன். "அம்மா, ஒருத்தன் செய்த தப்பை மட்டும் கூட்டிக்கிட்டு, செய்த நல்லதுக்கெல்லாம் சைபர் போட்டா, உலகத்துல எவன் யோக்கியனா நிக்க முடியும்? இது கணக்கா? இது வன்மம் இல்லையா?" என்று கேட்டேன்.

கூடமே கை தட்டியது. வக்கீலம்மாவும் தட்டினார். "ஐயா சொன்னதைத்தான் நாங்க நூறு பக்கத்துல எழுதப் போறோம்" என்றார். வையாபுரியும் தட்டினான். என்னையே பார்த்துக்கொண்டு தட்டினான். அவன் தட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன், மனசில்.

அந்த வழக்கில் நீங்களோ நானோ வாதி ஆக முடியாது. நாட்டுக்கும் நாட்டுக்கும்தான் வழக்கு. இந்தியா ஜெனீவாவில் இருக்கிற வியாபாரக் கோர்ட்டில் போட்டது. ஆனால் உள்ளே இருக்கிற சரக்கு என் சரக்கு. பெயரைப் போட மாட்டார்கள், ரகசியமாம். 'ஏற்றுமதியாளர் நான்கு' என்று போட்டிருக்கிறார்கள். நான்தான் அந்த நான்கு. ஜெனீவாவில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். பூஜ்ஜியம் போட்டது தப்பு, எல்லாச் சரக்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்று. நாம் ஜெயித்துவிட்டோம். தெருவில் சரவெடி போட்டோம். நான் காக்கைக்குச் சோறு வைக்கும்போதுகூட 'ஏற்றுமதியாளர் நான்கு ஜெயித்துவிட்டான்' என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வைத்தேன்.

ஆனால் அந்த நாடு மேல்முறையீடு போட்டது. போடட்டும், அங்கேயும் ஜெயிப்போம் என்றேன். வக்கீலம்மா போனில் சொன்னார். "ஐயா, மேல்முறையீட்டு மன்றத்துல நாற்காலிதான் இருக்கு. ஆள் இல்லை. இருந்தவங்க பதவிக்காலம் முடிஞ்சு போயிட்டாங்க. புதுசா ஆள் போடணும்னா எல்லா நாடும் ஒத்துக்கணும். ஒரு நாடு ஒத்துக்கலைன்னாலும் போட முடியாது. ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

"அப்போ நம்ம தீர்ப்பு?"

"மேல்முறையீடு முடியற வரைக்கும் தீர்ப்பு செல்லாது."

"எப்போ முடியும்?"

"ஆள் வந்தால்தானே ஐயா முடியும்."

பார்த்தீர்களா அயோக்கியத்தனத்தை? தோற்றவன் காலிக் கட்டடத்தின் வாசலில் மனுவை வைத்துவிட்டு, விசாரணை நடக்கட்டும், அதுவரை நான் ஒன்றும் தர மாட்டேன் என்று போய்விட்டான். நியாயம் சொல்ல ஆள் இல்லை என்பதே அவனுக்கு வசதி. நான் கேட்டேன், "ஏம்மா, இப்படிச் செய்ய ஒரு நாட்டுக்கு வெட்கமாக இருக்காதா?" என்று. அவர் சிரித்துவிட்டு, "வேற சில கேஸ்ல நம்ம ஆளுங்களும் அங்கதான் அப்பீல் போட்டு வெச்சிருக்காங்கய்யா" என்றார். அது வேறு. நம்முடையது நியாயமான அப்பீலாக இருக்கும்.

மாயனூர் வந்துவிட்டதா? இங்கே இறங்கினால் எதிர்ப் பக்கம் அடுத்த பஸ்ஸே கிடைக்கும், அரை மணியில் கரூர். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நீங்கள் ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்கள், காவிரிக் காற்று எனக்கு ஆகாது.

வையாபுரி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் துண்டுக்காரர் சங்கத்தில் சமரசக் குழு என்று ஒன்று உண்டு. நூல் தகராறு, சாயத் தகராறு எல்லாம் அங்கேதான் தீரும். நான் என் புகாரைக் கொண்டுபோனேன். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "சென்னியப்பண்ணா, கையைப் புடிச்சது தப்புன்னே வெச்சுக்குவோம். இத்தனை வருசத்துல அவரு உங்களுக்கு நல்லது ஒண்ணுமே செஞ்சதில்லீங்களா?"

நீங்களும் அதையே கேட்பீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

என் தறிக் கொட்டகை தீப்பிடித்தபோது பாவாயியின் நகையைக் கொண்டுபோய் அடகு வைத்து மறுபடியும் தறி போட்டுக் கொடுத்தான். நகை யாருடையது? என் தங்கையுடையது. இதில் அவனுக்கு என்ன பங்கு? எனக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனபோது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி ராத்திரியாகத் தரையில் படுத்துக் கிடந்தான். அவனுக்கு இளைப்பு உண்டு, சின்ன வயசில் பஞ்சு மில்லில் வேலை பார்த்து வாங்கிய இளைப்பு. கட்டிலில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தரைதான் அவனுக்குச் சௌகரியம். எனக்காகப் படுத்தான் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அந்த நாட்டுக்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கெல்லாம் கண் வீங்க உட்கார்ந்து பதில் எழுதினான். அது கம்பெனி வேலை. தாரணி பிறந்தபோது, குழந்தைக்குப் பெயர் நீங்கள்தான் வைக்க வேண்டும் மச்சான் என்றான். தாய்மாமன்தான் வைப்பது. அது என் உரிமை, அவன் கொடுத்ததா?

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? ஒன்றும் மிஞ்சவில்லை. கையைப் பிடித்தது மிஞ்சுகிறது. கோயில் கும்பாபிஷேகத்தில் எனக்கு முன்னால் நடந்தது மிஞ்சுகிறது. பெரிய வீட்டு விருந்தில் நான் பாயசம் கேட்டுக்கொண்டிருக்கும்போது இலையை மூடியது மிஞ்சுகிறது. எனக்குச் சர்க்கரை என்று காரணம் சொல்வான்.

சமரசக் குழு என்ன தீர்ப்புச் சொன்னது தெரியுமா? வையாபுரி தடுத்தது சரி, தடுத்த விதம் சரியில்லை. அதனால் அவன் தாம்பூலத் தட்டோடு என் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், நான் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதோடு முடிந்தது என்று.

முடிந்ததாம்! எங்கே அவமானம் நடந்தது? கம்பெனி வாசலில், சங்கம் முன்னால், இரண்டு வெளிநாட்டு அதிகாரிகள் முன்னால். மன்னிப்பு மட்டும் என் வீட்டுக் கூடத்தில், நான்கு சுவருக்குள்ளா? யார் முன்னால் நடந்ததோ அவர்கள் முன்னால்தான் மன்னிப்பும் நடக்க வேண்டும் என்பது என் வாதம். "அண்ணா, அந்த வெள்ளைக்காரங்களை எங்கீங்க போய்ப் புடிக்கிறது?" என்றார்கள். பிடிப்பது என் வேலையா? குற்றம் செய்தவன் வேலை.

நான் மேல்முறையீடு போட்டேன். மேல்முறையீடு என்றால், அன்றைக்கு என்ன நடந்தது என்று தோண்டக்கூடாது, சட்டம் சரியாகப் பார்க்கப்பட்டதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். இதுவும் வக்கீலம்மா சொன்னதுதான். அதனால் சாட்சி எதுவும் வேண்டாம், மன்னிப்பு நடக்க வேண்டிய இடம் பற்றிய கேள்வி மட்டும்தான் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் சங்க விதியில் மேல்முறையீட்டுக் குழு உண்டு. ஆனால் அதில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிப் போய்விட்டார்கள். புதியவர்களைப் போட வேண்டும் என்றால் பொதுக்குழுவில் ஒருத்தர்கூட மறுக்கக்கூடாது. கூட்டம் போட்டார்கள், பெயர் வாசித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். முதல் ஆள் வையாபுரியோடு காலையில் நடைப்பயிற்சி போகிறவர். எப்படி ஒத்துக்கொள்வது? இரண்டாவது ஆள் எப்போதும் வெற்றிலை போடுகிறவர், தீர்ப்புச் சொன்னால் யாருக்குப் புரியும்? மூன்றாவது ஆளை எல்லோரும் நடுநிலையானவர் என்றார்கள். நடுநிலையானவர்களை நான் நம்புவதில்லை, எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. அடுத்த கூட்டத்திலும் கையைத் தூக்கினேன். அதற்கடுத்த கூட்டத்திலும். இப்போது நான் உள்ளே நுழைந்தாலே செயலாளர் அந்தப் பொருளைத் தள்ளிவைத்துவிடுகிறார்.

அந்த நாடு செய்வது மாதிரியா? என்ன தம்பி இது! நன்றாகக் கேட்டீர்கள் போங்கள். அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். எனக்குக் காரணம் இருக்கிறது.

இதற்கு நடுவில்தான் தாரணிக்கு வரன் அமைந்து, கல்யாணத் தேதி வைத்துவிட்டார்கள். வையாபுரி தட்டோடு வந்தான். பாவாயியும் வந்தாள். தட்டில் தேங்காய், பழம், பத்திரிகை, பட்டு வேட்டி. இதோ கட்டியிருக்கிறேனே, இந்த வேட்டிதான். வைத்துவிட்டு வையாபுரி நின்றுகொண்டே சொன்னான். "மச்சான், அன்னைக்கு உங்க கையைப் புடிச்சது என் தப்புதானுங்க. அவசரத்துல புடிச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க வந்து பட்டம் கட்டுனாத்தான் எம்பொண்ணு மணவறை ஏறுவா."

நான் வேட்டியை எடுத்துக்கொண்டேன். வேட்டி தாய்மாமன் உரிமை, அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. "மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நீ சொன்ன வார்த்தையை நான் ஏற்றுக்கொண்டால், கீழ்த் தீர்ப்பை நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் மாப்பிள்ளை. அதனால் நீ சொன்னது என் காதில் விழவில்லை" என்றேன்.

பாவாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அண்ணா, உனக்குப் பைத்தியம் புடிச்சுப் போச்சு. கோர்ட்டுக்காரி பேச்சைக் கேட்டுக் கேட்டு மூளை குழம்பிப் போச்சு" என்றாள். அவள் வழக்கில் தரப்பு இல்லை. தரப்பு இல்லாதவர்கள் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

பொறுங்கள். இது தாரணியின் நம்பர். இவள் அடித்தால் எடுக்காமல் இருக்க முடியாது.

சொல்லு கண்ணு. ம். சாப்பிட்டாச்சு. பஸ்ஸுல. திருச்சி பஸ்ஸுல. பட்டம் எங்கிட்டதான் இருக்குது, பத்திரமா இருக்குது. அழுகாதே, மை கரையும். ம். ம். அது பெரியவங்க விஷயம் சாமி, உனக்குப் புரியாது. சரி. சரி, வெச்சிடு.

என்ன கேட்டாள் தெரியுமா? "மாமா, நான் உங்களுக்கு என்ன தப்புச் செஞ்சேன்?" என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லைதான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தறிச் சத்தத்துக்கு என் மடியில்தான் தூங்குவாள், சத்தம் நின்றால் விழித்துவிடுவாள். அவள் மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் பாருங்கள், அந்த நாட்டில் துண்டு வாங்கித் தட்டு துடைக்கிறவளும் எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. வரி விழுந்தால் அவள்தான் விலை அதிகமாகக் கொடுத்து வாங்குகிறாள். வழக்கு என்றால் அப்படித்தான், பக்கத்தில் நிற்கிறவர்கள் மேலும் விழும்.

குளித்தலையா இது? அதற்குள்ளா?

யார் அது பஸ்ஸைத் தட்டுவது? அட, நம் கம்பெனி டிரைவர் ரங்கராஜ். நான் பஸ் ஏறியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறான். கண்டக்டரை வேறு நிற்கச் சொல்லிவிட்டான் பாருங்கள். ஜன்னலைத் திறங்கள், தம்பி. இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் இங்கிருந்தே பேசிக்கொள்கிறேன்.

என்ன ரங்கராஜ். எறங்க மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன். யார் சொல்லச் சொன்னது, அவனா? அவன் சொன்னா எறங்கிடுவேனா? நேரம் இருக்குது, தெரியும். எனக்கும் கடிகாரம் இருக்குது. என்ன? பட்டத்தையாவதா?

தம்பி, பார்த்தீர்களா? நான் வராவிட்டாலும் பட்டத்தைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். என் சித்தப்பா மகன் நல்லியப்பன் மண்டபத்தில்தான் இருக்கிறானாம், பங்காளி முறையில் அவன் கட்டலாம் என்று சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சொல்லிவிட்டாராம். கொடுத்தால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று ஆகும். கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை வெறும் நெற்றியோடு நிற்க வேண்டும்.

கண்டக்டர், ஒரு நிமிஷம். கத்தாதீங்க. ஒரு நிமிஷம் பொறுங்க.

இந்தா ரங்கராஜ். இரண்டு கையாலும் வாங்கு. மடக்கக்கூடாது, தகடு நெளியும். அங்கே போய் எல்லார் முன்னாலும் சொல்லணும், என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் கொடுத்தனுப்பியிருக்கிறேன் என்று. திருப்பிச் சொல்லு. பாதகமில்லாமல். ஆங். போ. மெதுவாப் போகாதே, போ.

இது சட்டத்தில் உள்ளதுதான், தம்பி. ஒரு பொருளைக் கொடுத்துவிட்டாலும் வழக்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று எழுதிக்கொடுக்கிற ஒரு வாசகம். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் வக்கீலம்மா போடுவார். அதனால் என் நிலையில் ஒரு மாற்றமும் இல்லை.

உங்களிடம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

நல்லியப்பனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. சிறு வயசிலிருந்தே தெரியாது. அவன் கட்டிய கன்றுக்குட்டி நாலு தெரு தாண்டி நிற்கும். பட்டத்தைப் பின்னால் கூந்தலுக்கு அடியில் கொண்டுபோய் முடிய வேண்டும், மேலே முடிந்தால் பூச்சரம் தள்ளிவிடும். அதை யாராவது அவனுக்குச் சொல்வார்களா? பெட்டவாய்த்தலை தாண்டி வெகு நேரம் ஆகிவிட்டது, இல்லையா? ரங்கராஜ் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான். அவன் வேகமாகத்தான் ஓட்டுவான். வேறு நாளாக இருந்தால் திட்டுவேன்.

போன். வையாபுரி. இவனே அடிக்கிறான்.

என்ன? பட்டம் வந்துதா? சரி. நான் பேசறதுக்காக எடுக்கலை, நல்லியப்பனுக்கு ஒரு விஷயம் சொல்லணும், அதுக்காக எடுத்தேன். முடிச்சு கூந்தலுக்கு அடியில. ரெண்டு சுத்து. இறுக்கிப் போடச் சொல்லு, வலிக்குதான்னு புள்ளையக் கேட்டுக்கிட்டுப் போடச் சொல்லு. ஆச்சா? பொட்டு மறையக்கூடாது. ஆச்சா? சரி.

தம்பி, அவன் போனை வைக்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டுவிட்டான் போலிருக்கிறது. மேளம் கேட்கிறது பாருங்கள். இது அவன் இளைப்புச் சத்தம், மேளத்துக்கு நடுவில் இழுக்கிறதே, அது. பெண்ணின் அப்பன், தாரை வார்க்க நிற்கிறவன், இந்த நேரத்தில் போனைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறான். எனக்குக் கேட்கட்டும் என்று நிற்கிறானாம். இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? பையில் கிடப்பது பையில் கிடக்கிறது. இதையெல்லாம் ஒரு உதவி என்று கணக்கில் சேர்க்க முடியாது.

கண்டக்டர் சத்திரம் பஸ் ஸ்டாண்டு என்று கத்துகிறாரே, வந்துவிட்டோமா? நீங்கள் இறங்குங்கள். நான் இருக்கிறேன். இறங்கினால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது.

அருமைக்காரர் வாழ்த்துப் பாடச் சொல்கிறார். கெட்டிமேளம் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள், தம்பி.

கட்டியாயிற்று. தாலி கட்டியாயிற்று.

இப்போது மேளம் நின்றுவிட்டது. வையாபுரி அழுகிறான். இளைப்பு இப்படி விட்டு விட்டு வராது, அழுகைதான். போனை எடுத்து ஏதோ சொல்ல வருகிறான். மச்சான், மச்சான் என்கிறான். அதற்குமேல் வரவில்லை. மகள் போகிறாள் என்று அழுகிறான். யாரும் அழுவதுதான். எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையை, சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆட்கள் முன்னால் அவன் இன்னும் சொல்லவில்லை. அது அப்படியே பாக்கி நிற்கிறது.